மீன்தூள் ஆலையின் நாற்றக் காற்றுக்கு ஸ்கிரப்பர்: அளவைக் கணக்கிடும் முறை

ராமநாதபுரம் கடற்கரையில் மீன் பதப்படுத்தும் ஆலைகளின் நாற்றத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "ஒரு ஸ்கிரப்பர் போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. ஸ்கிரப்பர் என்பது நாற்ற வாயுவைத் திரவத்தால் கழுவும் கோபுரம். அதன் விட்டம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, அதில் எந்தத் தண்ணீர் சுற்றப் போகிறது என்று அடுத்துக் கேட்டால், விலைப்புள்ளி கொடுத்தவர் எழுதிய எண்ணைத் தவிர வேறு விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்த எண் சரியா என்று ஆலையில் இருப்பவரே ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்க்க முடியும். இக்கட்டுரை அந்தக் கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டுகிறது. பேக்கிங், அதாவது வாயுவும் திரவமும் தொட்டுச் செல்லப் பரப்புத் தரும் வளையங்கள், நிரப்பிய கோபுரத்தின் கணக்கு உலகெங்கும் ஒன்றுதான். ஆனால் அதற்குள் நாம் இடும் எண்களில் மிக முக்கியமான இரண்டு, அதாவது வாயுவின் சூடும் தண்ணீரின் குணமும், இந்தக் கரைக்கே உரியவை. ஆகவே விட்டத்துக்குப் போவதற்கு முன் அவ்விரண்டையும் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டாக, மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் எங்கோ ஓர் ஆலை, காரல், சூடை போன்ற பொடிமீனை வேகவைத்து, பிழிந்து, உலர்த்தித் தூளாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரையரிலிருந்து வரும் ஆவி கடல்நீரால் குளிரும் கன்டென்சர் வழியாகச் சென்று, நீராவியில் பெரும்பகுதியை அங்கே இறக்கிவிட்டு, மீதியாக வெளியேறுகிறது. அந்த மீதிக் காற்றைத்தான் நாம் கழுவப் போகிறோம்.

எந்த நாளுக்காகக் கட்டுகிறோம்

ஸ்கிரப்பரைச் சராசரி நாளுக்காக அமைக்கக் கூடாது. மோசமான நாளின் மோசமான மணி நேரத்துக்காகவே அமைக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. தடை முடிந்து படகுகள் இறங்கும் ஜூன் நடுப்பகுதியில் கரைக்கு வரும் பொடிமீன் ஒரே சமயத்தில் குவிகிறது. வெயிலும் அப்போது தணிந்திருப்பதில்லை. ஐஸ் போதாமல் சில மணி நேரம் கிடந்த மீனில் பாக்டீரியாக்கள் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடை டிரைமெத்தில் அமீனாக மாற்றுகின்றன. புரதம் சிதைந்து அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகின்றன. காலையில் இறங்கிய மீனை அன்றே அரைக்கும்போது எடுத்த வாயு மாதிரியும், மறுநாள் பிற்பகலில் குழியின் அடியில் கிடந்ததை அரைக்கும்போது எடுத்த மாதிரியும் ஒன்றாக இருக்காது. கணக்குக்கு இரண்டாவதையே எடுக்க வேண்டும். மாதிரி எடுப்பவர் ஜனவரி மாதத்து வாடைக்காற்றில், நல்ல மீன் ஓடும் நாளில் வந்து அளந்துவிட்டுப் போனால், அந்த அறிக்கை அச்சுப் பிழை ஏதுமின்றி இருந்தாலும் வடிவமைப்புக்கு உதவாது.

நம் எடுத்துக்காட்டில், கன்டென்சருக்குப் பின் வெளியேறும் வாயு 40 டிகிரி செல்சியஸில், ஈரத்தால் நிறைவுற்ற நிலையில், மணிக்கு 6,000 கன மீட்டர் என்றும், அதில் அம்மோனியா 300 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 300 பங்கு), டிரைமெத்தில் அமீன் 30 பி.பி.எம்., ஹைட்ரஜன் சல்ஃபைடு 20 பி.பி.எம். உள்ளன என்றும் கொள்வோம். இவை கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஆலைக்கு நீங்கள் அளந்தே தீர வேண்டும். ஓட்டத்தை அளக்கும்போது ப்ளோயரின் (காற்றைத் தள்ளும் விசிறியின்) பெயர்ப்பலகையில் உள்ள எண்ணை நம்பாமல், குழாயின் நேரான பகுதியில் வாயுவின் வேகத்தைக் காட்டும் பிட்டாட் குழாயைக் குறுக்கே பல புள்ளிகளில் வைத்து அளக்க வேண்டும். பெயர்ப்பலகை சொல்வது அந்த ப்ளோயர் எதைச் செய்யக்கூடும் என்பதை. உங்கள் குழாயில் அது எதைச் செய்கிறது என்பதை அன்று.

சூடு ஏறினால் கோபுரம் சிறுத்துவிடும்

நிறைவுற்ற வாயுவின் கொள்ளளவு சூட்டோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மணிக்கு 6,000 கன மீட்டரில் உலர் காற்று எவ்வளவோ அவ்வளவே வருகிறது, ஆனால் கன்டென்சர் குழாய்களில் பாசியும் சிப்பியும் ஒட்டிக் குளிர்விப்பு குறைந்து வாயு 60 டிகிரியில் வெளியேறுகிறது என்றால், அதே காற்று நீராவியைக் கூடுதலாகச் சுமந்து மணிக்கு ஏறக்குறைய 7,370 கன மீட்டராகிவிடும். 70 டிகிரியில் அது 8,800 கன மீட்டரைத் தொடும். மீன் அதே மீன், டிரையர் அதே டிரையர். கோபுரத்துக்கு வரும் சுமை மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இந்தச் சூட்டை ஸ்கிரப்பரே தணித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 60 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் குளிரும்போது மணிக்கு 650 கிலோ அளவில் நீர் ஒடுங்க வேண்டும். அந்த வெப்பத்தை, கோபுரத்தில் மணிக்கு 12 கன மீட்டர் சுற்றும் திரவம் ஒரே சுற்றில் வாங்கினால் 30 டிகிரி சூடேறிவிடும். வெளியே குளிர்விக்க வழியில்லாத சுற்றோட்டத் திரவம் சிறிது நேரத்தில் வாயுவின் சூட்டுக்கே வந்து நின்றுவிடும். குளிர்விப்பது கன்டென்சரின் வேலை. ஆகவே, ஸ்கிரப்பர் வாங்கப் பணம் ஒதுக்குவதற்கு முன், கன்டென்சரின் கடல்நீர்ப் பக்கத்தைச் சுத்தம் செய்ய வழி இருக்கிறதா, கோடையில் கடல்நீர் 30 டிகிரியில் வரும்போதும் வாயுவை 40 டிகிரிக்கு இறக்க அதன் பரப்பு போதுமா என்று பார்ப்பதே முறை.

சில சிறிய ஆலைகளில் கன்டென்சருக்குப் பதிலாகக் கடல்நீரை நேரடியாக ஆவிமேல் தெளித்துக் கடலுக்கே திருப்பி விடுவதும் உண்டு. அது நாற்றத்தைக் காற்றிலிருந்து நீருக்கு இடம் மாற்றுகிறதே ஒழிய அழிப்பதில்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளை உள்ளடக்கி 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் அருகில், நைட்ரஜன் நிறைந்த கழிவுநீரைக் கடலில் விடுவதைச் சுற்றுச்சூழல் அனுமதியின் கண்கொண்டு மட்டும் பார்க்க வேண்டியதில்லை.

எந்தத் தண்ணீர்

இந்தக் கரையில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினமும் உடையது. கடல்நீரோ கைக்கெட்டும் தூரத்தில், விலையின்றிக் கிடைக்கிறது. ஸ்கிரப்பருக்கு அதையே பயன்படுத்தலாமே என்ற எண்ணம் இயல்பானது. தூசியைக் கழுவும் முன்கட்டத்தில், பேக்கிங் இல்லாத தெளிப்பு அறையில், பயன்படுத்தலாம். பேக்கிங் உள்ள கோபுரத்தில் பயன்படுத்தக் கூடாது. அதற்கான காரணத்தை எண்களால் சொல்லிவிடலாம். இந்த வாயுவை முதல் கோபுரத்தில் அமிலம் கலந்த நீராலும், இரண்டாவதில் காஸ்டிக் கலந்த நீராலும் கழுவ வேண்டும் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்; ஏன் என்பது பின்னால் வரும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் மக்னீசியம் ஏறக்குறைய 1.3 கிராமும் கால்சியம் 0.4 கிராமும் உள்ளன. காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம்) சேர்த்து பி.எச்.சை, அதாவது அமில-கார அளவை, 10-க்கு மேல் ஏற்றும்போது மக்னீசியம் வெள்ளைக் கூழாக, மக்னீசியம் ஹைட்ராக்சைடாக, பிரிந்து படிகிறது. முழுவதும் பிரிந்தால் ஒரு கன மீட்டர் கடல்நீரிலிருந்து 3 கிலோவுக்குச் சற்று மேல் படிவு வரும்; அதற்காக 4 கிலோவுக்கும் மேற்பட்ட காஸ்டிக் வீணாகும். அந்தக் கூழ் பேக்கிங் வளையங்களின் உட்பக்கம் நீளும் விரல் போன்ற பட்டைகளில் ஒட்டி, மேலே மீன்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, சில வாரங்களில் சுண்ணாம்பு பூசியது போல் இறுகிவிடும். அமிலக் கட்டத்தில் மக்னீசியத்தால் தொல்லை இல்லை. ஆனால் கந்தக அமிலத்தைச் சேர்ப்பதால் சல்ஃபேட் பெருகி, அங்கே கால்சியம் ஜிப்சமாகப் படியத் தொடங்கும். கடினமான கிணற்று நீருக்கும் இதே விதி பொருந்தும். அளவு மட்டும் குறையும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு விடை, தேவைப்படும் அளவைக் கணக்கிட்டால் தானே கிடைக்கிறது. மேற்சொன்ன வாயுவில் மணிக்கு 1.2 கிலோ அம்மோனியாவும் 0.4 கிலோ டிரைமெத்தில் அமீனும் உள்ளன. இவற்றைப் பிடிக்க மணிக்கு 3.8 கிலோ கந்தக அமிலம் வேண்டும். உண்டாகும் சல்ஃபேட் உப்புகள் 5.4 கிலோ. சுற்றும் திரவத்தில் உப்பு 8 சதவீதத்துக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ள, மணிக்கு 70 லிட்டர் அளவில் வெளியே எடுத்துவிட்டு, அதே அளவு புதுநீர் விட்டால் போதும். வாயு ஏற்கெனவே ஈரத்தால் நிறைவுற்றிருப்பதால் ஆவியாகும் இழப்பு மிகச் சொற்பம். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினாலும் தேவை 1,100 லிட்டர்தான், ஆலையின் ஆர்.ஓ. நீரிலிருந்தோ வண்டித் தண்ணீரிலிருந்தோ இதைக் கொடுப்பது பெரிய செலவன்று. கோபுரத்தில் மணிக்கு 12,000 லிட்டர் சுற்றுகிறது என்பதைக் கேட்டு மலைத்து, அத்தனையும் புதுநீர் என்று எண்ணியே பலர் கடல்நீர்ப் பக்கம் சாய்கிறார்கள்.

விட்டம்

இப்போது கோபுரத்துக்கு வரலாம். பேக்கிங்காக 50 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் (பிளாஸ்டிக்) பால் வளையங்களை (Pall ring) எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ. வளையங்கள் ஒரு கன மீட்டரில் இரு மடங்கு பரப்பைத் தரும் என்பது உண்மை. ஆயினும் மீன்தூள் தூசி வரும் இடத்தில் சிறிய வளையங்கள் விரைவில் அடைத்துக்கொள்ளும். கோபுரத்தின் விட்டம் வளையத்தின் அளவைப்போல் 10 மடங்குக்குக் குறையக் கூடாது என்ற விதியும் உண்டு; குறைந்தால் திரவம் சுவரோடு ஒட்டி இறங்கிவிடும்.

கோபுரத்தில் வாயு மேலேயும் திரவம் கீழேயும் செல்கின்றன. வாயுவின் வேகம் ஏற ஏற, இறங்கும் திரவத்தை அது தடுக்கத் தொடங்கி, ஓர் எல்லையில் திரவம் இறங்க முடியாமல் பேக்கிங்கில் தேங்கி மேலே புரளும். இதையே ஃப்ளடிங் என்கிறோம். அந்த எல்லை எங்கே என்று கண்டுபிடித்து, அதன் 60 அல்லது 65 சதவீதத்தில் ஓட்டுவதே விட்டக் கணக்கு.

அதற்கு இரண்டு எண்கள் வேண்டும். முதலாவது, திரவத்தின் எடையோட்டத்தை வாயுவின் எடையோட்டத்தால் வகுத்து, வாயு அடர்த்திக்கும் திரவ அடர்த்திக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கிய எண். நிறைவுற்ற காற்றின் அடர்த்தி 40 டிகிரியில் கன மீட்டருக்கு 1.10 கிலோ, ஆகவே வாயு மணிக்கு 6,600 கிலோ. பேக்கிங் முழுதும் நனைய, குறுக்குப் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 15 கன மீட்டர் திரவம் விடலாம். பிளாஸ்டிக் எளிதில் நனையாத பொருள் என்பதால் 10-க்குக் கீழே போவது நல்லதன்று. விட்டம் 1 மீட்டர் என்று முதலில் ஊகித்தால் பரப்பு 0.785 சதுர மீட்டர், திரவம் மணிக்கு 12 கன மீட்டர், முதல் எண் 0.06.

இரண்டாவது எண், வாயுவின் வேகத்தை அதே அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தாலும், பேக்கிங் காரணியின் (வளையங்கள் வாயுவை எவ்வளவு தடுக்கின்றன என்று காட்டும் எண்ணின்) வர்க்கமூலத்தாலும் பெருக்கியது. 50 மி.மீ. பிளாஸ்டிக் பால் வளையத்துக்குப் பேக்கிங் காரணி, மீட்டர் அளவையில், 85. விட்டம் 1 மீட்டர் எனில் வேகம் நொடிக்கு 2.12 மீட்டர், பெருக்கினால் 0.65. முதல் எண் 0.06 ஆக இருக்கும்போது இந்த பேக்கிங் ஃப்ளடிங் அடையும் மதிப்பு, பொதுவான அழுத்த இறக்க வரைபடத்தின்படி, 1.1-ஐ ஒட்டி வருகிறது. அதாவது நாம் எல்லையின் 60 சதவீதத்தில் இருக்கிறோம்; ஊகித்த 1 மீட்டர் பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் விட்டத்தை 10 செ.மீ. கூட்டியோ குறைத்தோ மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும்; மூன்றாம் முறைக்கு வேலை இருக்காது.

இங்கே நின்று, முன்பு சொன்ன சூட்டுக் கணக்கையும் அதே விட்டத்தில் இட்டுப் பாருங்கள். வாயு 60 டிகிரியில் வந்தால் எல்லையின் 70 சதவீதத்தை நெருங்குகிறோம், கோபுரம் தாங்கும். 70 டிகிரியில் வந்தால் 80 சதவீதம். பேக்கிங்கில் கொஞ்சம் படிவும் இருந்தால், துளிகளைப் பிடிக்கும் மிஸ்ட் எலிமினேட்டரைத் தாண்டி அமிலத் துளிகள் புகைபோக்கி வழியாக வரத் தொடங்கும். விலைப்புள்ளியில் 80 செ.மீ. விட்டம் எழுதியிருந்தால், அதில் 40 டிகிரியிலேயே வேகம் 3.3 மீட்டர், எல்லையின் 90 சதவீதத்துக்கும் மேல். விலை குறைவாகத்தான் இருக்கும்.

உயரம்: பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது

உயரத்தைக் கணக்கிடுவது இரண்டு எண்களின் பெருக்கல். ஒன்று, எத்தனை பரிமாற்ற அலகுகள் (வாயு எவ்வளவு கழுவப்பட வேண்டும் என்பதன் அளவு) வேண்டும். மற்றது, ஓர் அலகுக்கு எத்தனை மீட்டர் பேக்கிங் வேண்டும். அமிலத்தில் பி.எச். 3 முதல் 4 வரை வைத்திருக்கும்போது அம்மோனியாவும் அமீனும் கரைந்த உடனேயே உப்பாகிவிடுவதால், திரவத்திலிருந்து திரும்பி வரும் அழுத்தம் இல்லை என்று கொள்ளலாம். அப்போது அலகுகளின் எண்ணிக்கை, உள்ளே வரும் செறிவை வெளியே போகும் செறிவால் வகுத்து வரும் ஈவின் இயல் மடக்கை (ln) மட்டுமே.

அம்மோனியாவை 300 பி.பி.எம்.மிலிருந்து 5-க்கு இறக்க வேண்டும் என்றால் 60-இன் இயல் மடக்கை, 4.1 அலகுகள். 50 மி.மீ. வளையத்தில் ஓர் அலகுக்கு 0.6 மீட்டர் என்று எடுத்தால் 2.5 மீட்டர் உயரம். பலர் இங்கே கணக்கை முடித்து, கொஞ்சம் கூட்டி 3 மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். அம்மோனியாதான் அதிகம், ஆகவே அதற்குப் போதுமானது மற்றவற்றுக்கும் போதும் என்பது அவர்கள் வாதம்.

ஊர்க்காரர் மூக்கைத் துளைப்பது அம்மோனியா அன்று. மனித மூக்கு அம்மோனியாவை ஒன்றிரண்டு பி.பி.எம். அளவில்தான் உணர்கிறது, டிரைமெத்தில் அமீனை அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த செறிவிலேயே கண்டுகொள்கிறது. அழுகிய மீனின் வாடை என்று நாம் அறிவது அதைத்தான். ஆகவே அதை 100-இல் ஒரு பங்காக, 30-லிருந்து 0.3-க்கு, குறைக்க வேண்டும் என்று இலக்கு வைப்போம், அலகுகள் 4.6. மேலும், டிரைமெத்தில் அமீன் மூலக்கூறு அம்மோனியாவைவிடப் பருமனானது. காற்றில் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் பரவுகிறது. அதனால் ஓர் அலகுக்கான உயரம் ஒன்றரை மடங்காகி 0.9 மீட்டர் ஆகிறது. பெருக்கினால் 4.1 மீட்டர், நனைதல் குறைபாட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 5 மீட்டர். பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள வாயு, உயரத்தை ஒன்றரை மடங்குக்கும் மேலாக்கிவிட்டது. வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: உயரத்தை எந்த வாயுவுக்காகக் கணக்கிட்டீர்கள்?

இன்னும் கூட்டினால் இன்னும் சுத்தமாகுமே என்றால், ஆகும். ஆனால் 99 சதவீதத்திலிருந்து 99.9-க்குப் போக, கணக்கின்படி மேலும் 2 மீட்டர் பேக்கிங் வேண்டும். அந்தப் பணத்தில் மீன்குழிக்கு ஐஸ் போட்டால் மூலத்திலேயே நாற்றம் குறையும் என்பதை ஆலைக்காரர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாம் கோபுரம்

ஹைட்ரஜன் சல்ஃபைடும் மெர்கேப்டன்கள் என்னும் கந்தகச் சேர்மங்களும் அமிலத்தில் கரைவதில்லை. அவற்றுக்குக் காஸ்டிக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் (சுருக்கமாக ஹைப்போ) கலந்த இரண்டாம் கோபுரம் வேண்டும். விட்டம் அதே 1 மீட்டர். ஹைட்ரஜன் சல்ஃபைடை 100-இல் ஒன்றாகக் குறைக்க, அலகுக்கு 0.7 மீட்டர் வீதம், கூடுதலும் சேர்த்து 4 மீட்டர். வரிசையை மாற்றக் கூடாது: அம்மோனியா முதலில் நீங்காமல் ஹைப்போவுக்குள் போனால் குளோரமீன்கள் உண்டாகி, மருந்தும் வீணாகி, புதிய நாற்றமும் சேரும்.

இங்கே பி.எச். 9-க்கும் 10-க்கும் இடையில் இருப்பது போதும். "காஸ்டிக் அதிகம் விட்டால் நல்லது" என்று 11, 12 என ஏற்றினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் கோபுரம் விழுங்கத் தொடங்கும். நம் வாயுவில் மூலக்கூறு எண்ணிக்கையில் அது ஹைட்ரஜன் சல்ஃபைடைப்போல் 20 மடங்கு. வாங்கிய காஸ்டிக் எல்லாம் சோடா உப்பாகிவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஹைப்போ 4 மூலக்கூறு செலவாகும். இங்கே அது மணிக்கு 1.4 கிலோ, மற்ற கரிமப் பொருள்களுக்கும் சேர்த்து அதன் இரு மடங்கு வரை டோசிங் பம்ப் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ராமநாதபுரத்து வெயிலில் தொட்டியில் நிற்கும் ஹைப்போ நாளுக்கு நாள் வலுவிழக்கும். நிழலில் வைத்து, குறைவாக அடிக்கடி வாங்குவதே சிக்கனம்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் கோபுரத்தின் அமிலக் கழிவும் இரண்டாவதின் ஹைப்போ கழிவும் ஒரே வாய்க்காலில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது ஆளைக் கொல்லும். வடிகால், சேமிப்புத் தொட்டி, நிரப்பும் குழாயின் வாய் எல்லாமே தனித்தனியாகவும், ஒன்றோடொன்று பொருந்தாத அளவுகளிலும் இருக்க வேண்டும். இரண்டு கோபுரங்களுக்கும் இடையில் மிஸ்ட் எலிமினேட்டர் வைப்பதும் அமிலத் துளி அடுத்ததற்குள் போகாமல் தடுக்கவே.

ப்ளோயர், பம்ப், பிற

இந்த வேகத்தில் ஒரு மீட்டர் பேக்கிங்குக்கு ஏறக்குறைய 21 மி.மீ. நீர் அளவுக்கு அழுத்தம் இறங்கும். முதல் கோபுரத்துக்கு 105, இரண்டாவதற்கு 84, இரண்டு எலிமினேட்டர்களுக்கு 40, குழாய்களுக்கும் வாய்களுக்கும் 60 என்று கூட்டி, படிவுக்காகக் கால் பங்கு சேர்த்தால் 360 மி.மீ. மணிக்கு 6,000 கன மீட்டரை இந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள, 60 சதவீதத் திறனில் 9.8 கிலோவாட் ஆகிறது. 15 குதிரைத்திறன் மோட்டார் ஒட்டி நிற்கும். சூடேறிய நாளையும் எண்ணி 20 எடுத்து, வேகக் கட்டுப்பாட்டு டிரைவோடு குறைத்து ஓட்டுவதை நான் விரும்புவேன். ப்ளோயரைக் கோபுரங்களுக்குப் பின் வைத்தால், அதற்கு முன்னுள்ள குழாய்கள் எல்லாம் உள்ளிழுக்கும் அழுத்தத்தில் இருக்கும். பிளவு விழுந்தாலும் நாற்றம் வெளியே வராது.

பம்ப்புக்கு மணிக்கு 12 கன மீட்டர், ஏறக்குறைய 18 மீட்டர் ஏற்றம். 2 குதிரைத்திறன் போதும், மாற்றுப் பம்ப் ஒன்றும் பொருத்தி வைக்க வேண்டும். அடித்தொட்டி 5 நிமிடச் சுற்றோட்டத்துக்கு, 1 கன மீட்டர். வாயு உள்நுழையும் குழாய் 450 மி.மீ. விட்டத்தில் இருந்தால் வேகம் நொடிக்கு 10 மீட்டரை ஒட்டி நிற்கும். இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை.

திரவப் பங்கீட்டுத் தட்டு அப்படியன்று. ஒரு சதுர மீட்டருக்கு 40-க்குக் குறையாத சொட்டுமுனைகள், நீர்மட்டம் பார்த்து வைத்த தட்டு, எளிதில் கழற்றிக் கழுவக்கூடிய அமைப்பு ஆகியவை இல்லாவிட்டால், மேலே செய்த உயரக் கணக்குக்குப் பொருளே இல்லை. தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே திரவம் இறங்கும். மறுபக்கம் வாயு உலர்ந்த வளையங்களுக்கு நடுவே கழுவப்படாமல் ஏறிப்போகும். பேக்கிங்கின் மேல் ஒரு தடுப்பு வலையும் வேண்டும். பிளாஸ்டிக் வளையங்கள் எடை குறைந்தவை, ஃப்ளடிங் வந்தால் எழும்பித் தட்டை அடைத்துவிடும்.

கோபுரம் வினைல் எஸ்டர் ரெசினால் ஆன எஃப்.ஆர்.பி.யாக (இழை சேர்த்து வலுவூட்டிய பிளாஸ்டிக்காக) இருக்கலாம், வெளிப்பூச்சு வெயிலின் புற ஊதாக்கதிரைத் தாங்க வேண்டும். உப்புக்காற்றில் 304 வகை ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் புள்ளிபுள்ளியாக அரித்துப்போகும். 316 வகையையே கேட்டு வாங்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்ட கரை இது. 9, 10 மீட்டர் உயரமுள்ள எடை குறைந்த கோபுரத்தின் நங்கூர போல்ட்டுகளையும் மணற்பாங்கான நிலத்தின் அடித்தளத்தையும் கட்டடப் பொறியாளரிடம் விட்டுவிட வேண்டும். புகைபோக்கியில் மாதிரி எடுக்கும் துளையை, கடைசி வளைவுக்குப் பின் எட்டு விட்டமும், வெளிவாய்க்கு முன் இரண்டு விட்டமும் நேராக இருக்கும் இடத்தில், ஆள் நிற்கும் மேடையோடு, முதலிலேயே அமைத்துக்கொண்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு கேட்கும் நேரத்தில் வெட்டி ஒட்ட வேண்டியிருக்காது.

ஓட்டத் தொடங்கும் நாளில், வெறும் நல்ல தண்ணீரைச் சுற்றவிட்டு, ப்ளோயரை வடிவமைப்பு ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கோபுரத்தின் அழுத்த இறக்கத்தையும் குறித்து, அந்த எண்ணைக் கோபுரத்தின் மேலேயே எழுதி வைக்க வேண்டும். பின்னாளில் அது ஏறினால் படிவு சேர்ந்திருக்கிறது அல்லது வாயு சூடாக வருகிறது; முதலில் வெப்பமானியைப் பார்த்துவிட்டு அதன்பின் கழுவும் வேலைக்குப் போகலாம். அது குறைந்தால் மகிழ வேண்டியதில்லை: பம்ப் திரவத்தைக் குறைவாக ஏற்றுகிறது, அல்லது ப்ளோயரின் பெல்ட் நழுவுகிறது, அல்லது தட்டின் சொட்டுமுனைகள் அடைத்திருக்கின்றன. அந்த மூன்றையும் அந்த வரிசையிலேயே பார்த்தால் பெரும்பாலும் ஏணி வைத்து ஏற வேண்டிய தேவை வராது.